கதவைத் தட்டிய பழைய பாக்கி

காலை மணி ஏழரை. இங்கிலாந்தில் ஒரு சிறிய வீடு. பள்ளிக்கூடம் புறப்படும் மகனுக்குத் தாய் கோட்டு மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறாள். கதவு தட்டப்படும் சத்தம் கேட்கிறது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். வாசலில் ஒரு மனிதர் நிற்கிறார். மார்பில் அடையாளச் சீட்டு. கையில் ஒரு தாள்.

"உங்கள் பேரில் 1,250 பவுண்டு பாக்கி இருக்கிறது அம்மா. 2015-ம் ஆண்டு கவுன்சில் வரி. கோர்ட்டு உத்தரவும் ஆகிவிட்டது."

"எந்தக் கோர்ட்டு? எனக்கு ஒரு தகவலும் வரவில்லையே!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அம்மா. நான் வசூலுக்கு வந்தவன்."

2015-ம் ஆண்டா? அப்போது அவள் இருந்தது வேறு ஊர். அந்த வீட்டைக் காலி செய்து, சாவியைக் கொடுத்துவிட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை.

இந்தப் பெண் கற்பனைப் பெண்தான். ஆனால் இப்படிப்பட்ட காலை அந்த நாட்டில் உண்மையான குடும்பங்களுக்கு வருவதுண்டு. அங்கே நம்மவர்களும் ஆயிரக்கணக்கில் குடியிருக்கிறார்கள். படிக்கப் போன பிள்ளைகள், ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவர்கள், இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்கள் என்று பலர். அடிக்கடி வீடு மாறுகிறவர்களைத்தான் இந்தப் பழைய பாக்கி அதிகமாகத் துரத்துகிறது.

ஒருவருக்குத் தெரியாமலே அவர்மேல் கோர்ட்டு உத்தரவு எப்படி வருகிறது? வந்தபின் என்ன செய்யலாம்?

கலகத்தில் பிறந்த வரி

கவுன்சில் என்றால் நம் ஊர் நகரசபை மாதிரி. குப்பை அள்ளுவது, தெரு விளக்கு, நூல் நிலையம், முதியோர் பராமரிப்பு ஆகியவை அதன் பொறுப்பு. அதற்காக வீட்டில் குடியிருப்பவரிடம் வாங்குவது கவுன்சில் வரி. நம் ஊரில் வீட்டு வரி பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில் விழும். அங்கே சாதாரணமாகக் குடித்தனக்காரர்தான் கட்ட வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். "வாடகைதான் கொடுத்துவிட்டோமே" என்று இருந்துவிடுகிறார்கள்.

இந்த வரி 1993-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது தலை வரி. பிரதமர் மார்கரெட் தாட்சர் அதைக் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்தில் 1989-லும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1990-லும் அது வந்தது. ஒரே ஊரில் மாளிகைவாசிக்கும் தெருக் கூட்டுபவருக்கும் ஏறத்தாழ ஒரே தொகை! ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். 1990 மார்ச் 31-ந் தேதி லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் பெரும் கலகம் மூண்டது. அந்த ஆண்டு நவம்பரில் தாட்சர் பதவியிலிருந்து விலகினார். அதற்குக் காரணங்களில் இந்த வரியும் ஒன்று.

அதற்குப் பதிலாக வந்த கவுன்சில் வரி, வீட்டின் மதிப்பைப் பார்க்கிறது. இங்கிலாந்தில் வீடுகளை எட்டு வகுப்பாகப் பிரித்தார்கள். 40,000 பவுண்டு வரை மதிப்புள்ள வீடு அடி வகுப்பு. 3,20,000 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ளது உச்சி வகுப்பு. எந்த ஆண்டு மதிப்பு? 1991-ம் ஆண்டு மதிப்பு! நேற்றுக் கட்டி முடித்த வீட்டுக்கும், "1991-ல் இது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்" என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரே ஊரில் உச்சி வகுப்பு மாளிகைக்கு விழும் வரி, அடி வகுப்பு வீட்டு வரியைப்போல் மூன்று மடங்குதான். மாளிகையின் விலை எத்தனை மடங்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு தவணை தவறினால்...

நம் கதைப் பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். பழைய வீட்டுக்கு அந்த ஆண்டு வரி 1,200 பவுண்டு. ஏப்ரல் முதல் மாதம் 120 வீதம் பத்துத் தவணை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஒழுங்காகக் கட்டினாள். ஜூன் 30-ந் தேதி வீட்டைக் காலி செய்தாள். குடித்தன ஒப்பந்தமும் அன்றோடு முடிந்தது. வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தாள். பாங்கியில் சொல்லித் தவணையை நிறுத்தினாள். கவுன்சிலுக்கு மட்டும் ஒரு வரி எழுத மறந்தாள்.

அவ்வளவுதான். கவுன்சிலின் புத்தகத்தில் அவள் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள். ஜூலைத் தவணை கட்டவில்லை!

1992-ம் ஆண்டு விதிகள் வகுத்த முறை இது: தவணை தவறினால் நினைவூட்டுக் கடிதம் வரும். ஏழு நாளில் கட்ட வேண்டும். கட்டாமல் மேலும் ஏழு நாள் போனால் தவணைச் சலுகை பறிபோகும். ஆண்டு முழுவதற்கும் மிச்சமுள்ள பணம் மொத்தமாகக் கட்ட வேண்டியதாகிவிடும். 120 பவுண்டுப் பிரச்னை 840 பவுண்டுப் பிரச்னையாக வளர இரண்டு வாரம் போதும். அதன் பிறகு கோர்ட்டு சம்மன்.

கடிதமும் சம்மனும் எங்கே போயின? பழைய வீட்டுக்கு. கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினாலே போதும் என்கிறது விதி. அவள் கையில் கிடைத்ததா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. புதிதாகக் குடிவந்தவர் அவற்றைக் குப்பையில் போட்டிருப்பார்.

கோர்ட்டு கேட்கும் ஒரே கேள்வி

வழக்கு போவது மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்கு. அங்கே பெஞ்சில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர்ப் பிரமுகர்கள். சட்டம் சொல்லிக்கொடுக்க ஓர் அதிகாரி கூட இருப்பார். வரி பாக்கி வழக்குகளை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. கவுன்சில் ஒரு பட்டியல் கொண்டுவரும். அதில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். வராதவர்கள் எல்லார்மேலும் ஒரே மூச்சில் உத்தரவு ஆகிவிடும். இந்த உத்தரவுக்கு 'லயபிலிட்டி ஆர்டர்' என்று பெயர். 'இந்தப் பணத்துக்கு இவர் பொறுப்பு' என்று கோர்ட்டு சொல்வதாக அர்த்தம். இது கிரிமினல் வழக்கு அல்ல. யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

கோர்ட்டுக்குப் போகிறவர்களில் பலர் ஒரு நம்பிக்கையோடு போகிறார்கள். "வேலை போய்விட்டது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் நீதிபதி இரங்குவார்" என்று நினைக்கிறார்கள். நீதிபதி இரங்கினாலும் பயன் இல்லை. அன்றைக்கு அவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வரி கட்ட வேண்டியதா, கட்டப்படாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் உத்தரவு போட்டே ஆக வேண்டும். 'கட்ட முடியுமா' என்ற கேள்விக்கே அந்த நாளில் இடம் இல்லை. அதைப் பேச வேண்டிய இடம் கவுன்சில் ஆபீசு. பல ஊர்களில் கவுன்சில் குமாஸ்தாக்கள் கோர்ட்டு வராந்தாவிலேயே நிற்பார்கள். உள்ளே போவதற்கு முன் அவர்களிடம் பேசித் தவணை வாங்கிக்கொண்டவர்கள் கெட்டிக்காரர்கள்.

உத்தரவோடு கோர்ட்டுச் செலவும் பாக்கியில் ஏறும். இந்தச் செலவை எதிர்த்து ஒரு பாதிரியார் போராடினார். அவர் பெயர் பால் நிக்கல்சன். ஏழைகள் வரிப் பாக்கியில் சிக்கித் தவிப்பதைப் பார்த்து, அவர்களுக்கு உதவ ஓர் அறநிலையம் தொடங்கியவர். அதற்குச் 'சகேயு' என்று பெயர் வைத்தார். பைபிளில் வரும் வரி தண்டல்காரன் சகேயு. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னவன்!

2013-ம் ஆண்டு ஏழைகளுக்கு இருந்த தேசிய வரிச் சலுகைத் திட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது. சலுகை தருவது அந்தந்தக் கவுன்சில் பாடு என்று ஆயிற்று. அதுவரை ஒன்றும் கட்டாத பல ஏழைகள் ஒரு பங்கு கட்ட வேண்டியதாயிற்று. இதைக் கண்டித்து, லண்டன் டாட்டன்ஹாம் பகுதியில் இருந்த நிக்கல்சன் வேண்டுமென்றே வரி கட்ட மறுத்தார். சம்மன் வந்தது. 125 பவுண்டு செலவு போட்டார்கள். "ஒரு தாளில் பெயர் படிக்க 125 பவுண்டா? கணக்குக் காட்டுங்கள்" என்பதே அவர் வாதத்தின் சாரம். 2015-ம் ஆண்டு ஹைகோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று போதிய விவரம் இல்லாமல் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு அதை அனுமதித்தது சட்டப்படி சரியல்ல என்றது. நிக்கல்சன் 2020-ம் ஆண்டு காலமானார்.

ஆறு ஆண்டு என்ற தப்புக் கணக்கு

"ஆறு ஆண்டு ஆகிவிட்டால் கடன் செத்துப்போகும்" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. நண்பர்கள் தைரியம் சொல்லும்போது முதலில் சொல்வது இதைத்தான். பாதி உண்மை, பாதி ஆபத்து.

கவுன்சில் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு கேட்பதற்குத்தான் ஆறு ஆண்டுக் கெடு. அந்த ஆறு ஆண்டும் வரி எந்த ஆண்டுக்கு உரியது என்பதை வைத்து எண்ணப்படுவதில்லை. கேட்புச் சீட்டு அனுப்பி, பணம் கட்ட வேண்டியதான நாளிலிருந்து எண்ணப்படும். கெடுவுக்குள் உத்தரவு வாங்கிவிட்டால், அதன்பின் கவுன்சில் அந்தப் பணத்தை வசூலிப்பதற்குக் கெடு இல்லை. பத்து ஆண்டு தூங்கிய உத்தரவும் எழுந்து வந்து கதவைத் தட்டலாம். ஆகவே பழைய பாக்கிக் கடிதம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, 'உத்தரவு ஆகியிருக்கிறதா? எந்தத் தேதியில்?' என்பதுதான்.

பழைய பாக்கிக்குச் சட்டம் போட்டே முற்றுப்புள்ளி வைத்த கதையும் உண்டு. அது ஸ்காட்லாந்தில். 2014-ம் ஆண்டு அங்கே சுதந்திர வாக்கெடுப்பு நடந்தது. பல ஆண்டுகளாக வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் வந்து பதிந்துகொண்டார்கள். உடனே சில கவுன்சில்கள், புதுப் பட்டியலைப் பார்த்துப் பழைய தலை வரி பாக்கிக்காரர்களைப் பிடிக்கலாம் என்று கிளம்பின! ஓட்டுப் போட வந்தவனை இருபது ஆண்டுக்கு முந்தைய பாக்கிக்குப் பிடிப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. அங்கே அரசின் தலைவராக இருந்த அலெக்ஸ் சால்மண்ட் இதை நிறுத்தப்போவதாக அறிவித்தார். 2015-ம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டசபை தனிச் சட்டமே போட்டு அந்தத் தலை வரி பாக்கிக்கு முடிவு கட்டியது. கவுன்சில் வரி பாக்கிக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

ஆகிவிட்ட உத்தரவை உடைக்க முடியுமா?

முடியும். ஆனால் வழி குறுகியது.

லண்டனில் நியூஹாம் என்று ஒரு பகுதி. தமிழ்க் கடைகளும் முருகன் கோவிலும் உள்ள ஈஸ்ட் ஹாம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அந்தக் கவுன்சிலின் வழக்கு ஒன்றில் 2008-ம் ஆண்டு ஹைகோர்ட்டு வழி காட்டியது. வரி கட்ட வேண்டுமா என்பதில் உண்மையான, வாதாடத் தக்க தகராறு இருக்க வேண்டும். நடைமுறையில் பெரிய தவறோ, எதிர்பாராத கோளாறோ நேர்ந்ததால் உத்தரவு வந்திருக்க வேண்டும். உத்தரவு பற்றித் தெரிந்ததும் தாமதம் இல்லாமல் மனுப் போட வேண்டும். மூன்றும் இருந்தால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு தன் உத்தரவைத் தானே ரத்து செய்யலாம்.

மூன்றாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடிதத்தைப் பார்த்துப் பயந்து அலமாரியில் செருகிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்று கோர்ட்டு கேட்கும்.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. உத்தரவு போட்டிருக்கக் கூடாது என்று கவுன்சிலே ஒப்புக்கொண்டால், அதை ரத்து செய்யும்படி கவுன்சிலே கோர்ட்டைக் கேட்கலாம். ஆகவே கவுன்சிலை நம்ப வைக்கும் தாள்கள்தான் முதல் ஆயுதம். கவுன்சில் மசியாவிட்டால், வரிக்குப் பொறுப்பு யார், தள்ளுபடி உண்டா என்ற தகராறுகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. முதலில் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். இரண்டு மாதத்தில் திருப்தியான பதில் இல்லையென்றால் அங்கே போகலாம். கட்டணம் கிடையாது.

தள்ளுபடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்கு இந்த வரியே இல்லை. தனி ஆளாக இருப்பவருக்குக் கால் பங்கு குறையும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்! கல்லூரிச் சான்றிதழை அனுப்பாமல் விட்டு, வரி பாக்கிக்காரர் ஆன மாணவர்களும் உண்டு. நம் ஊரிலிருந்து பிள்ளையை அனுப்பிவைக்கும் பெற்றோர் டெலிபோனில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது, இதையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

வாசலில் நிற்பவர்

வாசலில் வந்து நிற்கும் மனிதர் நம் ஊர் கோர்ட்டு அமீனா போன்றவர். ஆனால் பெரும்பாலும் தனியார் கம்பெனி ஆள். 2014-ம் ஆண்டு அவர்களுக்குப் புது விதிகள் வந்தன. வழக்கு அவர்கள் கைக்குப் போனதும் 75 பவுண்டு. வீட்டு வாசலுக்கு வந்தால் இன்னும் 235 பவுண்டு என்று அப்போது கட்டணம் நிர்ணயித்தார்கள். அந்தப் பணமும் பாக்கிக்காரர் தலையில்தான். அந்தப் பெண்ணின் 840 பவுண்டு, கோர்ட்டுச் செலவு 100 சேர்ந்து, இந்த இரண்டும் சேர்ந்துதான் 1,250 ஆயிற்று.

கவுன்சில் வரிக்காக முதல் முறை வரும் அமீனா கதவை உடைத்து நுழைய முடியாது. கையால் தள்ளிக்கொண்டும் போகக் கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள் மட்டும் இருந்தால் உள்ளே வரவே கூடாது. உள்ளே விட்டாலும் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், படுக்கும் கட்டில் இவற்றை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் ஒருமுறை உள்ளே விட்டு, சாமான் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிலைமை வேறு. ஒத்துக்கொண்டபடி பணம் கட்டாவிட்டால் அடுத்த முறை அவர் பலத்தை உபயோகித்தும் நுழையலாம். வாசலில் நிற்கும் காருக்கோ கதவு இல்லை. அதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். அமீனா இல்லாமலும் வசூல் நடக்கும். சம்பளத்தில் நேராகப் பிடித்துக்கொள்ளும்படி முதலாளிக்குக் கவுன்சில் எழுதலாம்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் சிறை. வேண்டுமென்றே கட்டாதவரை, அல்லது கட்ட வசதி இருந்தும் அலட்சியமாக இருந்தவரை, மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுத்தது. வசதியை விசாரிக்காமல் அனுப்பக் கூடாது. விசாரிக்காமல் அனுப்பிய கோர்ட்டும் உண்டு. வேல்சில் ஒரு தாய் 2016-ம் ஆண்டு 81 நாள் சிறைத் தண்டனை பெற்றாள். அது சட்டவிரோதம் என்று ஹைகோர்ட்டு அடுத்த ஆண்டு சொல்வதற்குள், அவள் பாதி நாளைச் சிறையில் கழித்துவிட்டாள். 2019 ஏப்ரலில் வேல்ஸ் இந்தத் தண்டனையை அடியோடு எடுத்துவிட்டது. இங்கிலாந்து அப்போது எடுக்கவில்லை.

கடன் உண்மை, கட்டத்தான் வழியில்லை என்பவருக்கு 2021-ம் ஆண்டு மே மாதம் ஓர் ஏற்பாடு வந்தது. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால், கவுன்சில் வரி பாக்கி உள்படப் பல கடன்களுக்கு 60 நாள் ஓய்வு கிடைக்கும். அந்த நாட்களில் அமீனா வர முடியாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை நிலையங்கள் வழி சொல்லும். மிகவும் நொடிந்தவருக்குப் பாக்கியைக் குறைக்கவோ அடியோடு விடவோ கவுன்சிலுக்கே அதிகாரம் உண்டு. கேட்கிறவர்கள் குறைவு.

அந்தப் பெண் செய்தது

அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே பேசினாள். எதிலும் கையெழுத்துப் போடவில்லை. தாளில் இருந்த கேஸ் நம்பரை எழுதிக்கொண்டாள். அன்றைக்கே பழைய ஊர்க் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினாள்: உத்தரவு எந்தத் தேதியில் ஆனது, சம்மன் எந்த விலாசத்துக்குப் போனது, பாக்கி எந்தெந்த நாட்களுக்கு, விசாரணை முடியும்வரை கேசை அமீனாவிடமிருந்து திரும்ப வாங்குங்கள்.

இரவு பிள்ளை தூங்கியபின் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தாள். குடித்தன ஒப்பந்தம் கிடைத்தது. வீட்டுக்காரர் முன்பணம் திருப்பிக் கொடுத்த கடிதம் கிடைத்தது. அவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் உறை. இப்போது இருக்கும் ஊரின் கவுன்சில் அனுப்பிய வரிச் சீட்டு அது. '2015 ஜூலை 1 முதல்' என்று அச்சடித்திருந்தது. அதே நாட்களுக்கு இரண்டு ஊர்க் கவுன்சில்கள் அவளைக் குடியிருப்பவள் என்று எழுதி வைத்திருக்கின்றன!

ஒரு தாளில் கணக்குப் போட்டாள். இந்த வரி நாள் கணக்கில் வருவது. பழைய வீட்டில் இருந்தது மூன்று மாதம். அதற்கு வரி ஏறத்தாழ 300 பவுண்டு. அவள் கட்டியது மூன்று தவணை, 360 பவுண்டு.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரி சேர்த்தாள். தனக்கு வர வேண்டிய 60 பவுண்டை எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டிருந்தாள்.